போகும் வழியும் மீளும் வழியும்

சமச்சீர் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளும், வாசலில் இடப்பெறும் கோலமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் கணித நூலார் அச்சொல்லுக்குக் கொள்ளும் பொருள் இதனினும் அகன்றது. ஒரு பொருளையோ ஒரு விதியையோ ஏதேனும் ஒரு மாறுதலுக்கு உள்ளாக்கிய பின்னரும் அது முன் இருந்தவாறே இருக்குமாயின், அம்மாறுதலைப் பொறுத்தவரை அது சமச்சீர் உடையது என்பர். கண்ணை மூடி நிற்கும் ஒருவன் முன் ஒரு சதுரப் பலகையைக் கால் வட்டம் திருப்பி வைப்போமாயின், அவன் கண்ணைத் திறந்து பார்த்தும் அது திரும்பியதென அறியான். பலகையின் சமச்சீர் என்பது இவ்வளவே. இந்த எளிய எண்ணம் பௌதிக சாஸ்திரத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளதென்பதை எமி நேத்தர் என்னும் ஜெர்மானிய அம்மையார் 1918-ஆம் ஆண்டில் நிறுவினார். அதனை விரித்தல் ஈண்டு நம் கருத்தன்று. கம்பியில்லாச் செய்திப் போக்குவரத்தில், அதிலும் 2030-ஐ ஒட்டி வரவிருக்கும் ஆறாந் தலைமுறை ஏற்பாட்டில், சமச்சீர்க்குரிய இடம் யாது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். நம் கட்சியை முதலிலேயே கூறிவிடுகின்றோம்: அலைகள் உலவும் வெளி, போவாரையும் மீள்வாரையும் ஒப்ப நடத்துகின்றது, மனிதர் அதன்மேல் அமைத்த ஏற்பாடோ அவ்வாறு நடத்துவதில்லை. இந்த வேற்றுமையிற் சில தவிர்க்கவியலாதவை. சில நாமே வருவித்துக்கொண்டவை. பின்னவற்றைக் குறைப்பது வருந்தலைமுறையின் கடமையாம்.

காந்த வலிமை மாறுமிடத்து மின்னோட்டம் பிறக்கும் என்பதனை 1831-இல் பாரடே கண்டார். மின்வலிமை மாறுமிடத்துக் காந்தம் பிறக்கும் என்னும் மறுபாதியை மாக்ஸ்வெல் சேர்த்தார். இவ்விரு பாதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்றலால், மின்னும் காந்தமும் மாறிமாறி ஒன்றை ஒன்று பிறப்பித்துக்கொண்டு வெற்று வெளியில் ஒளியின் வேகத்தோடு ஓடலாம் என்பது பெறப்பட்டது. ஹெர்ட்ஸ் 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் அவ்வலையை ஆய்வுக்கூடத்தில் எழுப்பிக் காட்டினார். கல்கத்தா பிரசிடென்சி கலாசாலையில் ஆசிரியராய் இருந்த ஜகதீச சந்திர போஸ் 1895-இல் பொதுமக்கள் முன் மில்லிமீட்டர் அளவினவான சிற்றலைகளை இயக்கிக் காட்டியது நம் தேசத்தார் பெருமை கொள்ளத்தக்கது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு ஐந்தாந் தலைமுறைக்கென ஏலம் விடப்பட்ட பட்டைகளுள் 26 கிகாஹெர்ட்ஸ் என்பது ஒன்று. அதன் அலைநீளம் ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். போஸ் கையாண்ட அலைகளின் எல்லைக்குள்ளேயே அது அடங்கும். நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்து உலகம் அவர் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றது என்றாலும் மிகையாகாது.

இனி, நம் பொருளுக்கு உயிர்நிலையான ஒரு தேற்றத்தைக் காண்பாம். கண்ணாடியில் ஒருவர் கண்ணை நாம் காண்போமாயின், அவரும் நம் கண்ணைக் காணக்கூடும். இது யாவரும் அறிந்த செய்தி. ஒளி சென்ற நெறியே மீளும் நெறியும் ஆதலின் இவ்வாறு நிகழ்கின்றது. மின்காந்த அலைகளுக்கு இதனைப் பொதுவிதியாக 1896-இல் லோரன்ஸ் என்னும் டச்சுப் பேராசிரியர் நிறுவினார். ஓர் அலைவாங்கியிலிருந்து புறப்படும் அலை, சுவரில் மோதியும் மரத்தில் சிதறியும் தரையில் தெறித்தும் மற்றோர் அலைவாங்கியை எவ்வளவு வலிவோடும் எவ்வளவு தாமதத்தோடும் அடைகின்றதோ, அவ்வளவு வலிவோடும் அவ்வளவு தாமதத்தோடுமே மறுதலையாகப் புறப்படும் அலையும் முன்னதனை அடையும். இடையில் நூறு தடைகள் இருப்பினும் இவ்விதி பிறழாது. இடைப்பட்ட ஊடகம் காந்தத்தால் ஆளப்படாததாகவும், அக்கணத்தில் மாறாததாகவும், அலையின் வலிவுக்கேற்பத் தன் இயல்பை மாற்றாததாகவும் இருத்தல் வேண்டும், நிபந்தனை இம்மட்டே. நம் தெருக்களிலும் வயல்களிலும் உள்ள காற்று அந்நிபந்தனையை நன்றாகவே நிறைவேற்றுகின்றது.

நூற்றாண்டு கடந்த இத்தேற்றம் புத்தகத்தில் உறங்கிக் கிடக்கவில்லை. இன்றைய கோபுரங்கள் சில இதனையே மூலதனமாகக் கொண்டு தொழில் நடத்துகின்றன. அதனைச் சிறிது விரிவாகச் சொல்லுதல் நலம்.

ஒரு கோபுரத்தில் 64 அலைவாங்கிகள் உள்ளன என்று கொள்வோம். அவை யாவும் தத்தமக்குத் தோன்றியவாறு அலையை எழுப்பினால், கைப்பேசி இருக்குமிடத்தில் அவ்வலைகள் சில கூடியும் சில கழிந்தும் குழம்பிப்போம். ஒவ்வொன்றையும் தக்க அளவு முந்தியோ பிந்தியோ எழுப்பினால் மட்டுமே அவை அனைத்தும் அவ்வோரிடத்தில் ஒருசேர எழுந்து பெரு வலிவு பெறும்; பிற இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இவ்வாறு செய்தற்கு, 64 அலைவாங்கிகளிலிருந்தும் அக்கைப்பேசி வரையுள்ள 64 வழிகளின் இயல்பும் கோபுரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வாறு தெரிந்துகொள்வது? ஒரு முறை, கோபுரம் 64 அடையாள ஒலிகளை எழுப்பிக் கைப்பேசியை அளக்கச் செய்து, விடையைக் கேட்டு வாங்குதல். போக்குக்கு ஓர் அதிர்வெண்ணும் வரவுக்கு வேறோர் அதிர்வெண்ணும் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இதுவே வழி. அலைவாங்கிகள் பெருகப் பெருக, அளப்பதற்கும் விடை கூறுவதற்குமே பொழுது போய்விடும். பேசுவதற்குப் பொழுது இராது.

மற்றொரு முறையோ மிக எளிது. போக்குக்கும் வரவுக்கும் ஒரே அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு, காலத்தை மட்டும் பங்கிட்டுக்கொள்ளுதல். அப்பொழுது கைப்பேசி ஒரு முறை குரல் கொடுத்தாற் போதும். 64 அலைவாங்கிகளும் அதனை ஒருங்கே கேட்கும். வந்த வழியே போகும் வழியும் ஆதலின், கோபுரம் வேறொன்றும் கேளாமலே தன் விடையை அவ்வழிகளில் திருப்பி அனுப்பலாம். இருளில் குழந்தை ஒருமுறை அழைத்த அளவில் தாய் அத்திசையை அறிந்து கை நீட்டுவதனை இதற்கு உவமை கூறலாம். வேண்டப்படும் அடையாள ஒலிகளின் தொகை கைப்பேசிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததேயன்றி அலைவாங்கிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று; 64-ஐ 640 ஆக்கினும் அத்தொகை ஏறாது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமஸ் மார்ஸெட்டா 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின் வலிமை இங்கேதான் உள்ளது. அலைவாங்கிகளை அளவின்றிப் பெருக்கலாம் என்று அவர் துணிந்து சொன்னதற்குக் காரணம் லோரன்ஸின் பழைய தேற்றமே.

ஆயினும் கருவிகள் காற்றைப் போல் நேர்மையானவை அல்ல. அனுப்பும் உறுப்பு வேறு, வாங்கும் உறுப்பு வேறு. இரண்டும் அலையைத் தத்தம் போக்கில் சிறிது திரிக்கின்றன. ஆகவே அவற்றை அடிக்கடி ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டியுள்ளது. அன்றியும், அக்கம்பக்கத்துக் கோபுரங்களின் கைப்பேசிகள் ஒரே அடையாள ஒலியை எழுப்புமாயின், கோபுரம் தன் பிள்ளையின் குரலையும் பிறர் பிள்ளையின் குரலையும் பிரித்தறியாது மயங்கும். மேலும் ஒரு தொல்லை: 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை செண்டிமீட்டர் அளவு. மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் இருப்பவர், விநாடியின் ஆயிரத்தில் மூன்று கூறுக்குள் அதன் பாதியைக் கடந்துவிடுகின்றார். கேட்டதற்கும் விடை கூறுவதற்கும் இடையே அவ்வளவு காலம் கடந்தால், வழி பழைய வழியாக இராது. ஒப்பு என்பது அக்கணத்துக்கு மட்டும் உரியது. பொறியாளர் இரவு பகலாய் உழைப்பது பெரும்பாலும் இந்தக் குறைகளின்மேல்தான்.

சமச்சீர் இத்துறையில் வேறு பல வடிவங்களிலும் வருகின்றது. 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பில் நாட்டைச் சிறுசிறு அறைகளாகப் பகுக்கும் திட்டம் முதன்முதல் காணப்பட்டது. அவ்வறைகள் தேன்கூட்டைப் போல் அறுகோண வடிவின. இடைவெளி விடாது தரையை நிரப்பவல்ல ஒழுங்கு வடிவங்கள் முக்கோணம், சதுரம், அறுகோணம் என்னும் மூன்றே. நடுவிலிருந்து மூலை வரை ஒரு கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், முக்கோணம் 1.3 சதுரக் கிலோமீட்டரும், சதுரம் 2 சதுரக் கிலோமீட்டரும், அறுகோணம் 2.6 சதுரக் கிலோமீட்டரும் அடக்கும். குறைந்த கோபுரங்களால் நிறைந்த நிலத்தை ஆள விரும்புவோர் எதனைக் கொள்வர் என்பது வெளிப்படை. உண்மையான ஊர்கள் தேன்கூடு போல் அமைந்திருப்பதில்லை என்பதும் உண்மையே. 1948-இல் கிளாட் ஷானன் செய்திக் கணிதத்தைத் தோற்றுவித்தபோது எடுத்துக்காட்டிய வழிகளுள் ஒன்று, பூச்சியத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூச்சியமாகவும் ஒரே அளவில் பிறழ உணரும் வழி. இத்தகைய சமச்சீர் வழிகளின் உச்ச அளவை எட்டத்தக்க குறிமுறை ஒன்றை அங்காராவிலுள்ள பில்கெண்ட் சர்வகலாசாலையின் எர்டால் அரிகான் 2009-இல் வெளியிட்டார். ஐந்தாந் தலைமுறையின் கட்டளைச் செய்திகள் அம்முறையிலேயே செல்கின்றன.

நிற்க. இவ்வளவு சமச்சீரின்மேல் எழுப்பப்பட்ட மாளிகையில் வாழ்வோர்க்குக் கிடைப்பது யாது? பழைய தொலைபேசியில் இரு முனைகளும் சரிநிகர். பேசுவதற்கு எவ்வளவு இடமோ கேட்பதற்கும் அவ்வளவு இடம் இருந்தது. கணிப்பொறிகள் தொலைபேசிக் கம்பி வழியே பேசத் தொடங்கிய பிறகு தராசு சாய்ந்தது. 1998-இல் தரப்படுத்தப்பட்ட மோடம், வாங்குவதில் விநாடிக்கு 56 ஆயிரம் பிட்டும் அனுப்புவதில் 33.6 ஆயிரம் பிட்டும் உச்சமாகக் கொண்டது. அதன்பின் வந்த அகலப்பாட்டைக் கம்பி முறையோ தன் பெயரிலேயே ‘சமச்சீரற்ற’ என்னும் அடையைச் சூடிக்கொண்டு வந்தது! சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் 2017-இல் ஐந்தாந் தலைமுறைக்கு விதித்த குறைந்தபட்ச அளவைகளிலும், உச்ச வேகம் இறங்குவழிக்கு விநாடிக்கு 20 கிகாபிட், ஏறுவழிக்கு 10 கிகாபிட். பயன்படுத்துவோர் உணரும் வேகம் முன்னதற்கு 100 மெகாபிட், பின்னதற்கு 50 மெகாபிட். காலத்தைப் பங்கிடும் ஏற்பாட்டில், ஐந்து கூறுகளில் மூன்றை முழுதும் இறங்குவழிக்கும், ஒன்றை மட்டும் ஏறுவழிக்கும் கொடுத்து, எஞ்சிய ஒன்றை இடைமாற்றத்துக்கு வைப்பது பரவலான வழக்கம்.

வலிவிலுள்ள வேற்றுமை இதனினும் பெரிது. கைப்பேசி எழுப்பும் அலையின் வலிவு பொதுவாக 0.2 வாட்டு என்னும் எல்லைக்குட்பட்டது. பெரிய கோபுரக் கருவிகள் 200 வாட்டு வரையும் செலுத்துவதுண்டு. கோபுரம் தன் வலிவைப் பலர்க்கும் பங்கிட்டுக் கொடுக்கின்றதென்பது மெய்யே; எனினும் ஆயிர மடங்கு என்பது ஆயிர மடங்கே. இதன் பயனை ஊருக்கு வெளியே தோப்பில் நின்று பேசுவோர் நன்கு அறிவர். கோபுரத்தின் குரல் இவர்க்குக் கேட்கும்; இவர் குரல் கோபுரத்துக்குக் கேளாது. கைப்பேசியின் முகப்பில் கோடுகள் நிறைந்து தோன்றும். எதிர்முனையில் உள்ளவரோ ‘கேட்கவில்லை, கேட்கவில்லை’ என்பார். வழி இருபாலும் ஒன்றுதான்; வாய்தான் சிறிது. கேட்பதில் விரைவும் பேசுவதில் நிதானமும் நல்லோர்க்கு அழகு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அந்நிதானம் பேசுவோன் தானே மேற்கொள்வதாய் இருத்தல் வேண்டுமன்றோ?

இங்கு எதிர்க்கட்சியார் கூறுவதனையும் கேட்போம். மக்கள் பெரும்பாலும் படம் பார்க்கின்றனர், பாட்டுக் கேட்கின்றனர். வாங்குவதே மிகுதி, அனுப்புவது குறைவு. தேவைக்கேற்பப் பங்கிடுதல் அநீதியாகுமோ என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பாதிக்குப் பாதி என்று பிடிவாதம் செய்து, ஒருவருக்கும் பயன்படாத ஏறுவழியை வெறுமையாகக் கிடக்க விடுதல் மடமை. கைப்பேசியின் மின்கலமும், கையில் ஏந்துவோர் உடல்நலமும் கருதி அதன் வலிவுக்கு எல்லை வகுத்ததும் முறையே. ஆயின், குறுகலான வாயிலைக் கட்டி வைத்துவிட்டு, ‘இவ்வழியே வருவோர் சிலரே’ என்று கணக்குக் காட்டுவதனை முழு நியாயமாக நாம் ஏற்கவில்லை. வீட்டிலிருந்தே வகுப்பெடுக்கும் ஆசிரியை, நோயாளியின் படத்தைத் தலைநகர் மருத்துவமனைக்கு அனுப்பும் கிராமத் தாதி, தம் விளைபொருளைத் தாமே காட்டி விற்க முயலும் உழவர் ஆகிய இவர்க்கெல்லாம் வேண்டுவது ஏறுவழியே. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் கைப்பேசிக்கு மாறியபோது, உபாத்தியாயர் குரல் மாணவரை எட்டியும் மாணவர் வினா உபாத்தியாயரை எட்டாதிருந்த இடங்கள் பல. அதனைக் கல்வி என்று சொல்லலாமோ, அல்லது வானொலிப் பிரசங்கம் என்று சொல்லலாமோ, நாம் அறியோம்.

பங்கீட்டை ஊருக்கு ஊர் மாற்றி வைக்கலாகாதோ எனின், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கோபுரம் பேசும் வேளையில் அடுத்த கோபுரம் கேட்கத் தொடங்கினால், முன்னதன் பெருங்குரல் பின்னதன் காதை நிரப்பி, அங்குள்ள கைப்பேசிகளின் மெல்லிய குரலை மூழ்கடித்துவிடும். ஆதலால் அண்டையிலுள்ள கோபுரங்கள் யாவும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டுப் பேசியும் கேட்டும் வருகின்றன. நகரத்தாரின் படப்பித்துக்கு ஏற்ப வகுத்த தாளத்தைக் கிராமத்தாரும் பின்பற்ற நேர்வது இதனாற்றான். இக்கட்டினை அவிழ்ப்பது ஆறாந் தலைமுறை ஆராய்ச்சியாளர்க்கு உரிய வேலைகளுள் தலையாயது என்பது நம் எண்ணம். உச்ச வேகத்தை இன்னும் பத்து மடங்கு ஏற்றுவதை நாம் அதற்குப் பின்னரே வைப்போம்.

நம் தேசத்தார் இவ்விஷயத்தில் வாளா இருந்திலர் என்பதைச் சொல்லாது விடுதல் தகாது. ஐந்தாந் தலைமுறையின் தகுதியைச் சோதிக்கும் முறை வகுக்கப்பட்டபோது, கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் 6 கிலோமீட்டர் இடைவெளியுள்ள நாட்டுப்புறம் ஒன்றையும் சோதனைக் களமாகச் சேர்க்குமாறு இந்தியர் வற்புறுத்தி வெற்றி பெற்றனர். சென்னை, ஹைதராபாத் ஐ.ஐ.டி.களைச் சேர்ந்தோரும் இந்தியத் தொலைத்தொடர்புத் தரநிர்ணயச் சங்கத்தாரும் அதற்கேற்ற திருத்தங்களை வகுத்தனர். அவற்றுள் ஒன்று சமச்சீரைக் கொண்டே சமச்சீரின்மையைப் போக்கும் நயமுடையது. ஒன்று, பூச்சியம் என்னும் இரு குறிகளை வட்டத்தின் எதிரெதிரான இரு புள்ளிகளாக எழுதுவது பழைய முறை. ஒரு புள்ளியிலிருந்து மறுபுள்ளிக்குத் தாவும்போது அலை நடுமையத்தைக் கடக்க நேரும். அக்கணத்தில் வலிவு பூச்சியமாகிவிடும். இத்தகைய ஏற்ற இறக்கத்தைப் பெருக்கிக் கருவி தாங்காது. ஆகவே அதனை முழு வலிவோடு இயக்குதல் இயலாது. இனி, ஒவ்வொரு குறிக்கும் அவ்விரு புள்ளிகளையும் கால் வட்டம் திருப்பிக்கொண்டே போவோமாயின், எந்தத் தாவலும் கால் வட்டத்துக்கு மிகாது. அலை மையத்தைத் தொடாது. மேலும் சிறிது மெருகேற்றினால் வலிவு ஏறக்குறைய ஒரு மட்டமாய் நிற்கும். அப்பொழுது அதே சிறு கைப்பேசி, அதே மின்கலத்தோடு, தன் குரலை இன்னும் நெடுந்தூரம் செலுத்தவல்லதாகும். இக்கூறுகள் அடங்கிய இந்தியத் தரத்தைச் சர்வதேசச் சங்கம் 2021-இல் ஏற்றது. திருப்பியும் திரும்பாதது போல் தோன்றும் சதுரப் பலகையை முதலிற் சொன்னோமே, அதனோடு இம்முறைக்குள்ள உறவை மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

சமச்சீரை வேண்டுமென்றே முறிக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. ஒரே அலைவாங்கி ஒரே வேளையில் ஒரே அதிர்வெண்ணில் பேசவும் கேட்கவும் வேண்டுமாயின், தன் குரலே தன் காதைச் செவிடாக்கும். தான் எழுப்பும் அலை, தான் கேட்க விரும்பும் அலையினும் பத்தாயிரங் கோடி மடங்கு வலியதாய் இருத்தல் கூடும். போவதை ஒரு வாயிலிலும் வருவதை வேறு வாயிலிலும் விட்டு, மீள்வழியை அடைக்கும் சுழற்றி என்னும் கருவியை நெடுங்காலம் காந்தப் பொருளால் செய்து வந்தனர். அது பருத்தது, சில்லில் அடங்காதது. காந்தமின்றி, உறுப்புகளைக் காலத்தோடு ஒத்து மாற்றி அதே வேலையைச் சிலிக்கன் சில்லில் செய்யலாம் என்பதனை 2016-இல் கொலம்பியா சர்வகலாசாலையார் காட்டினர். லோரன்ஸ் விதித்த ‘ஊடகம் மாறாதிருத்தல்’ என்னும் நிபந்தனையையே அவர் மீறினர். மீறவே, விதி தளர்ந்தது. ஒரு தேற்றத்தின் நிபந்தனைகளைக் கூர்ந்து படித்தோர்க்கு அதனை மீறும் வழியும் புலப்படும் போலும். தேற்றத்தின் முடிவை மட்டும் உருப்போட்டுப் பரீக்ஷைக்குச் செல்லும் நம் மாணவ நண்பர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாயின் மகிழ்வோம்.

சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் 2023 நவம்பரில் ஆறாந் தலைமுறைக்கென ஏற்ற திட்ட வரைவில், இணைப்புப் பெறாதாரை இணைத்தல் என்பது பொதுக் கோட்பாடுகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. நல்ல சொல்லே. எனினும் இணைப்பு என்பது எத்திசை இணைப்பு என்று வினவும் உரிமை நமக்கு உண்டு. கோபுரத்தின் அடியில் நின்று அளந்த இறங்குவழி வேகத்தைப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் அச்சிடுவதற்கு வேண்டிய பேர் உளர். 6 கிலோமீட்டர் இடைவெளியின் நடுவில், இரு கோபுரங்களுக்கும் எட்டாக்கையாக நிற்கும் ஒருவர், பழைய மின்கலத்தோடு கூடிய கைப்பேசியில் பேசும் குரல் அறுபடாமல் மறுமுனையை அடைகின்றதா என்பதை அளந்து, அவ்வெண்ணையும் அதே எழுத்தில் அதன் பக்கத்தில் அச்சிடவேண்டும் என்று தரம் வகுப்போரைக் கேட்டுக்கொள்கின்றோம்.